ஒரு மாதம் பொறுக்கட்டும்

மார்ச் 4
குழந்தைகள் காப்பகத்தில் இன்று ஒரே மூக்கு ஒழுகல், நடுவில் ஒரு வாந்தி. வாந்தி என் தோளில்தான். அது காய்வதற்குள் டாக்டரம்மாவிடம் ஓடினேன். போன வருடம் கரு தங்காமல் போனதிலிருந்து, அடுத்ததற்கு முன்னால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நிற்கிறேன். இரத்தப் பரிசோதனையில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. ரூபெல்லாவுக்கு என் உடம்பில் எதிர்ப்பு இல்லையாம்.

"உங்களுக்கு வந்தா ரெண்டு நாள் காய்ச்சல், தடிப்பு, அவ்வளவுதான். வயித்துல குழந்தை இருக்கும்போது வந்தா அதோட கண்ணு, காது, இதயம் எதை வேணாலும் கெடுத்துடும். நீங்க நாள் முழுக்கப் பிள்ளைங்களோட இருக்கறவங்க," என்றார்.

ஊசி இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது வலுக்குறைத்த உயிர்க்கிருமி. கர்ப்பமாக இருக்கும்போது போடக் கூடாது. போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பம் ஆகவும் கூடாது.

ஒரு மாதம்! இதை வீட்டில் யார் சொல்வது?

மார்ச் 6
இவர் சொல்லிவிட்டார். அத்தை தண்ணீர் குடிக்கிற நேரமாகப் பார்த்து. "இவ ஒரு ஊசி போட்டுக்கணுமாம். அப்புறம் ஒரு மாசம் நாங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணுமாம், அம்மா." அத்தைக்குப் புரையேறியது. செய்தித்தாளுக்குள் புகுந்த மாமா வெளியே வரவேயில்லை.

"குழந்தை இல்லையேன்னு தவிக்கிறோம், இதுல வேண்டாம்னு வேற இருக்கப் போறீங்களா? பக்கத்து வீட்டு மருமக ஏதோ ஊசி போட்டுத்தான் இன்னும் ஒண்ணும் இல்லாம நிக்கிறா."

"அவ புருஷன் கப்பல்ல வேலை பாக்கறாரு, அத்தை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர்றாரு."

இவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

மார்ச் 10
வேலையை விட்டுவிடு என்கிறார் இவர். ஊசியைவிட அது சுலபமாம். யாருக்குச் சுலபம்? கிருமி என்ன காப்பகத்தில் மட்டுமா குடியிருக்கிறது? பஸ்ஸில் ஏறாதா, கடைக்கு வராதா? விடமாட்டேன். ஊசியும் போட்டுக்கொள்வேன். வேண்டுமானால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 12
போட்டாயிற்று.

நர்ஸ் கேள்விமேல் கேள்வி. நாள் தள்ளியிருக்கா? இப்ப காய்ச்சல்? முன்னால ஊசி போட்டு மூச்சுத் திணறினதுண்டா? வேற ஏதாவது தடுப்பூசி இப்ப போட்டீங்களா? எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை, இரத்தம் ஏத்தினது? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "யோசிச்சுச் சொல்லுங்க. ஊசி எங்கயும் ஓடிப்போகாது." யோசித்துப் பார்த்தும் இல்லைதான். அப்படியும் சிறுநீர் சோதனை செய்து, கர்ப்பம் இல்லை என்று தெரிந்த பிறகே போட்டாள்.

உடனே எழுந்தேன். விடவில்லை. மயக்கமோ அலர்ஜியோ வந்தால் அங்கேயே பார்த்துக்கொள்ளலாமாம், கால் மணி நேரம் உட்காரச் சொன்னாள். எதிரே இவர், திரி பற்றவைத்த வெடியைப் பார்ப்பது மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 13
கை வலி. வேறொன்றும் இல்லை.

மார்ச் 26
நேற்றிலிருந்து விரல் மூட்டெல்லாம் வலி. டப்பா மூடியைத் திறக்க முடியவில்லை. அத்தை பார்த்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன்."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தப்புப் பண்ணிட்டேனா? ஏதாவது ஆயிடுச்சுன்னா யார் மூஞ்சில முழிப்பேன்? போன தடவையும் என்னைத்தானே சொன்னாங்க — பிள்ளைங்களைத் தூக்கித் தூக்கித்தான் கலைஞ்சுதாம். தூக்காம? கயிறு கட்டி இழுக்கவா?

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். இந்த ஊசிக்குப் பிறகு பெண்களுக்குச் சில வாரம் மூட்டுவலி வருவதுண்டு, தானாகப் போய்விடும், வீங்கினாலோ போகாவிட்டாலோ வாங்க என்றார். முன்பே சொன்னாராம். சொல்லியிருப்பார். அந்த ஒரு மாதத்தைக் கேட்டதோடு என் காது அடைத்துப்போயிருக்கும்.

ஏப்ரல் 2
வலி போய்விட்டது. அடுப்படியில் இருந்த டப்பாக்களை எல்லாம் அத்தை கண்ணெதிரே திறந்து திறந்து மூடினேன். வேண்டுமென்றேதான்.

ஏப்ரல் 13
மாதம் முடிந்தது. அத்தைக்கு யாரும் நினைவூட்டவில்லை. இருந்தும் இன்று மாலை மாமாவை இழுத்துக்கொண்டு எங்கேயோ உறவினர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "ராத்திரி அங்கயே தங்கிடுவோம்," என்றார், சுவரைப் பார்த்து.

ஜூலை 9
இரண்டு கோடு.

ஆகஸ்ட் 20
காப்பகத்தில் ஒரு வாண்டுக்குத் தடிப்பு. ரூபெல்லா என்று பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. இந்த வாரமெல்லாம் அவன் தூங்கியது என் மடியில்.

வீட்டில் சொன்னேன். இவர் முகத்தில் ஈயாடவில்லை. அத்தை மெதுவாகக் கேட்டார்: "அவனை நீ தூக்கினியா?"

"தூக்கினேன், அத்தை."

ஊசி போட்டிருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று டாக்டரம்மா இரத்தம் எடுத்தார்.

ஆகஸ்ட் 22
"எதிர்ப்பு நல்லாவே இருக்கு. பயப்படாம போங்க," என்றார். படியிறங்கும்போது இவர் என் கையை விடவேயில்லை.

ஆகஸ்ட் 23
அத்தை போனில் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் போன மாதம் கல்யாணமான என் நாத்தனார். கதவு திறந்திருப்பதால் இங்கே நன்றாகவே கேட்கிறது.

"முதல்ல இரத்தத்தைச் சோதிச்சுப் பாரு. எதிர்ப்பு இல்லைன்னா ஊசி போட்டுக்க... ஆமாடி, உயிர்க்கிருமிதான், அதனாலதான் முன்னாடியே போடணும்ங்கறேன். அப்புறம் ஒரு மாசம் பொறுத்துக்கணும்... உன் மாமியாரா? அவங்க முணுமுணுத்தா போனை என்கிட்ட குடுக்கச் சொல்லு. நான் பேசிக்கிறேன்."