பூட்டிய நூலகமும் ஆறு வருடப் பழைய தண்ணீர்ச் சோதனையும்

அனுப்புநர்
டார்லீன் கிவேலா,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
ஏழாம் வகுப்பு மாணவி பிரிட்டாவின் தாய்,
மெர்ரிட் க்ரீக், மினசோட்டா.

பெறுநர்
திரு. வெய்ன் ஆஸ்ட்ரம் அவர்கள்,
கண்காணிப்பாளர்,
டாமராக் பள்ளி மாவட்டம்.

பொருள்: மெர்ரிட் க்ரீக் நடுநிலைப் பள்ளி நூலகத்தைத் திறக்கவும், நூலகரை மீண்டும் அங்கேயே அமர்த்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

"கற்றலை நவீனப்படுத்தவே நூலகம் மூடப்பட்டது" என்று தாங்கள் எழுதிய இரண்டு வரிப் பதில் கிடைத்தது. அது பொய் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜனவரியில் பள்ளிக் குழாயில் தண்ணீர் பழுப்பாக வந்தது. சோதித்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்று தலைமையாசிரியர் ஹாஸ்கெல் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் யார் எழுதியது, எப்போது, ஆதாரம் எங்கே என்று தேடிப் பார்க்க நூலகர் திருமதி தெரேசா லிண்ட்விஸ்ட் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார். என் மகளும் அவள் தோழிகள் மூவரும் அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொண்டார்கள். நூலகக் கணினியில் மாநில அரசின் தண்ணீர்ச் சோதனைப் பதிவேட்டைத் தேடினார்கள். கடிதம் சொன்ன சோதனை நடந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதுவும் பக்கத்து ஊர்ப் பள்ளியில். கடிதத்தையும் பதிவேட்டின் நகலையும் அருகருகே நூலகச் சுவரில் ஒட்டினார்கள்.

ஹாஸ்கெல் வந்து பிள்ளைகள் கண்ணெதிரே அவற்றைக் கிழித்தார். "இது நூலகமா, போலீஸ் ஸ்டேஷனா?" என்று கத்தினார். "தேதி தப்பா இருந்தா சொல்லுங்க சார், மாத்திடறோம்" என்றாளாம் பிரிட்டா.

அடுத்த திங்களன்று நூலகத்துக்குப் பூட்டு. இருபத்திரண்டு வருடம் நூலகராக இருந்தவர் இப்போது மதிய உணவு வரிசையில் எச்சில் தட்டு வாங்கி அடுக்குகிறார். நேரில் போய்க் கேட்டேன். "எல்லாம் போன்லயே இருக்கு டார்லீன். நீ போய் பஸ்ஸ ஓட்டு" என்றார் ஹாஸ்கெல். என் மகளிடமும் போன் இருக்கிறது, ஐயா. அதில் வருவதை நம்பலாமா என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர்தான் தட்டு அடுக்குகிறார்.

பிறகு பெற்றோர் நாங்களே மூன்று குழாய்களில் தண்ணீர் பிடித்து மாநிலப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். இரண்டில் வரம்புக்கு மேல் ஈயம். அறிக்கையை இணைத்துள்ளேன். மறுநாளே குழாய்களைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டினீர்கள். பிள்ளைகளிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இத்தனை நாள் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் அவர்கள்தான்.

ஆகவே, வியாழக்கிழமை நடக்கும் கல்விக் குழுக் கூட்டத்துக்கு முன் நூலகச் சாவியைத் திருமதி லிண்ட்விஸ்டிடம் ஒப்படைக்கவும், அந்த நான்கு மாணவிகளிடமும் ஹாஸ்கெல் நேரில் மன்னிப்புக் கேட்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால், கூட்டத்தில் எல்லோர் முன்னும் இதைக் கேட்போம். பேச முதல் பெயராகப் பதிவாகியிருப்பது என்னுடையது அல்ல, பிரிட்டாவுடையது. வயது பன்னிரண்டு. விதிப்படி அவளுக்கு மூன்று நிமிடம் உண்டு. அதில் ஒரு நொடி குறைத்தாலும், அவள் பேசி முடிக்கும் வரை அரங்கில் இருக்கும் பெற்றோர் யாரும் எழுந்து போக மாட்டோம்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) டார்லீன் கிவேலா

இடம்: மெர்ரிட் க்ரீக்
நாள்: 11 மார்ச் 2024