மீ உண என்ற காய்ச்சல்

அன்புள்ள மகன் கிஷாந்துக்கு,

அம்மா எழுதுறேன் ராசா. கட்டார்ல நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு மாரியம்மாளக் கும்பிட்டுட்டுத்தான் பேனாவ எடுத்தேன். நாங்களும் சுகம்னு எழுதத்தான் ஆசை, கை வரல. நீ அங்க இருந்து போன் எடுத்தப்பெல்லாம் அப்பா மலைக்குப் போயிருக்காரு, தூங்குறாருன்னு சொன்னேன்ல, அப்பா ஆஸ்பத்திரியில இருக்காருப்பா. போன்ல சொன்னா நான் அழுதுருவேன், நீ வேலையப் போட்டுட்டு ஓடியாந்துருவ. அதான் லீவு முடிஞ்சு நாளைக்குப் பிளேன் ஏறி அங்க வர்ற கஜேந்திரன் கையில இதக் குடுத்து விடுறேன். பதறாம கடைசி வரைக்கும் படி.

அந்தப் பெரிய மழைக்கப்புறம் தோட்டத்துல தண்ணி ஓடுற கான் எல்லாம் அடைச்சிக்கிட்டு, அப்பாவையும் பக்கத்து வீட்டு அழகனையும் கான் வெட்டப் போட்டாங்க. கால்ல சேத்துப்புண்ணோட முழங்கால் தண்ணியில நின்னு வேலை செஞ்சாரு. அதே வாரம் மலையில தேனீக் கூடு கலைஞ்சு அப்பாவுக்குக் கழுத்துலயும் கையிலயும் நல்லா கொட்டிருச்சு. கொட்டுன வீக்கம் வத்துனதுக்கப்புறம் காய்ச்சல் வந்துச்சு. நம்ம லயத்து வீடுகளுக்கு வந்த மிட்வைப் மிஸ் பாத்துட்டு, மீ உண மாதிரி இருக்கு, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் பாருங்கன்னு சிங்களத்துல சொன்னாங்க. உணன்னா காய்ச்சல், அது தெரியும். மீன்னா என்ன? அப்பாவே அர்த்தம் சொல்லிட்டாரு. மீ மெஸ்ஸான்னா தேனீ, மீ பெணின்னா தேன், அப்ப இது தேனீக் காய்ச்சல், விஷம் எறங்குனா தானா போயிரும், இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு போர்வைய இழுத்து மூடிக்கிட்டாரு. எனக்கு மனசு ஒப்பல. கெண்டைக்கால்ல போர்வை பட்டாலே வலின்னு கத்துனாரு, கண்ணு ரெண்டும் ரத்தமாச் செவந்து போச்சு. தேனீ கொட்டுனவங்களத் தோட்டத்துல எத்தன பேரப் பாத்திருக்கேன், இப்படி யாருக்கும் வந்ததில்ல.

கொத்தமல்லி வாங்க நோர்வூட்டுல சுபைதா கடைக்குப் போனேன். மீ உணயாம், தேனீக் காய்ச்சலாம்னு சொல்லி வாய மூடல, சுபைதா கையில இருந்த தராசுத் தட்ட அப்படியே வச்சிட்டா. ஐயோ அக்கா, அது தேனீ இல்ல, எலி, சிங்களத்துல தேனுக்கும் மீதான், எலிக்கும் மீதான், இது எலி மூத்திரம் கலந்த தண்ணியில இருந்து புண்ணு வழியா ஒடம்புல ஏறுற காய்ச்சல், எங்க சாச்சாவ இதுக்குத்தான் பறிகொடுத்தோம்னு சொன்னா. அவ புருஷன் முனாப் நானா கடையப் பாதி சாத்திட்டு ஆட்டோவ எடுத்தாரு. அப்பாவால நடக்க முடியல, ரெண்டு பேருமாத் தூக்கித்தான் ஏத்துனோம்.

ஆஸ்பத்திரியில டொக்டரு அப்பா கண்ணப் பிதுக்கிப் பாத்து, பக்கத்துல நின்ன நர்ஸ் மிஸ்ஸிகிட்ட வேகமா என்னவோ சொன்னாரு. அதுல செங்கமாலயங்கிற சொல்லு மட்டும் எனக்கு வெளங்குச்சு. அது நம்ம செங்கமாலை, மஞ்சக்காமாலைதானே, நம்மகிட்ட இருந்து அங்க போன சொல்லாத்தான் இருக்கும். வெளங்குன ஒரு சொல்லும் பயமுறுத்துற சொல்லாப் போச்சு. அடுத்து வகுகடுன்னாரு. அது வெளங்கல. இன்னொரு தடவ தப்பா அர்த்தம் பண்ணிக்கிட்டா ஆளப் பறிகொடுத்துருவோம்னு, வெக்கத்த விட்டு டொக்டரோட கையப் புடிச்சேன், தேரென்னே மாத்தியா, வெளங்கலங்க ஐயான்னு சொல்லிட்டேன். கோபப்படல அந்தப் புள்ள. தன் இடுப்புக்குப் பின்னால ரெண்டு கையையும் வச்சுக் காட்டி, கிட்னின்னாரு. தமிழ் பேசுற மிஸ்ஸி ஜெயந்தினி வந்து, மூத்திரம் நின்னு போயிருக்கு, வரலன்னா ரத்தம் கழுவ கண்டிக்கு அனுப்பணும்னு தெளிவாச் சொன்னா. மறுநா மத்தியானம்தான் வந்துச்சு, சாயத் தண்ணி மாதிரி கொஞ்சூண்டு. மூத்திரத்தப் பாத்துச் சந்தோஷத்துல அழுதவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

கண்டிக்கு அனுப்பல. ஆனா கண்ணுல மஞ்சள் இன்னும் எறங்கல. திங்கக்கிழமை திரும்ப ரத்தம் பாப்பாங்க, அதுக்கு முன்னால ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. நேத்து அழகனுக்கும் காய்ச்சல். கால் வலின்னு அவன் பொஞ்சாதி சொன்ன ஒடனே, எலி, எலின்னு லயமே கேக்கக் கத்தி அவனையும் ஆட்டோவுல ஏத்தி விட்டேன். மிட்வைப் மிஸ்ஸுக்கு விஷயம் தெரிஞ்சு கண்ணு கலங்கிட்டாங்க. இப்ப லயத்துல வீடு வீடா, ஒவ்வொரு காம்பராவாப் போயி, நாக்கு கொழறக் கொழற எலிக்காய்ச்சல்னு தமிழ்லயே சொல்றாங்க.

நீயும் அங்க பல பாஷைக்காரங்களோட இருக்க. ஒடம்புக்கு ஏதும்னா டொக்டரு சொல்ற சொல்லு வெளங்கலன்னா வெளங்கலன்னு சொல்லு, தலைய ஆட்டிட்டு வந்துறாத. வெறுங்காலோட தண்ணியில எறங்காத. ஒனக்கு ஒரு கொறையும் வராம, நோய் நொடி இல்லாம நீ நீண்ட ஆயுளோட இருக்கணும் சாமி.

இனிமே ஒங்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன். திங்கக்கிழமை முனாப் நானா போன்ல இருந்து ஒனக்கு எடுப்பேன். நல்ல செய்தின்னா ஒன் கொரலக் கேட்ட ஒடனே சிரிச்சிருவேன். நான் சிரிக்காம ஒன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, கஜேந்திரனப் பக்கத்துல கூப்பிட்டு உக்கார வச்சிக்கிட்டு அப்புறம் பேசு.

ஒன் அம்மா,
பொ. அம்மாக்கண்ணு