ஆட்சேபணை இல்லையே?

8 ஜூன் 1974, சனி

மூன்றாம் நாளாக மழை. எங்கள் ஒழுங்கை இன்னும் மண் தெரு, முழுக்கச் சேறு. மெல்பேர்னில் இருக்கிறோம் என்று ஊருக்குப் பெருமையாகக் கடிதம் எழுதுகிறேன். வாசலில் எருமை படுக்காததுதான் குறை. ரயிலடி வரை ஒரு சோடி சப்பாத்து, கந்தோரில் போட இன்னொரு சோடி. கந்தோரில் என் வேலை ரோட்டு வரைபடம் கீறுவது. சொன்னால் சிரிப்பார்கள்.

மனைவி யோகத்துக்கு இது எட்டாம் மாதம். போன கிழமை பால்காரனின் வான் புதைந்து நின்றது. டாக்சிக்காரர் முனையிலேயே இறக்கிவிடுகிறார்கள். பிள்ளை பிறக்க முன் ரோட்டில் சல்லிக்கல்லாவது கொட்ட வேண்டும்.

பின்னேரம் கவுன்சிலர் வந்தார். நாங்கள் வைத்த பெயர் தொப்பியர். வீடு வீடாகக் கேட்கிறாராம். ஒரு வீடு மறுத்தாலும் வேலை அடுத்த வருடத்துக்குப் போய்விடுமாம். "ரோட்டுப் போட உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?" என்று இங்கிலிஷில் கேட்டார். நான், "யெஸ், யெஸ்." தலையையும் நன்றாக ஆட்டினேன். எழுதிக்கொண்டு போனார். நல்ல மனுசன். யோ. குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றாள், வெளியே வரவில்லை.

வாங்க: மா, முட்டை, பல்ப், யோ.வின் நெஞ்செரிவுக்கு மருந்து.

13 ஜூன், வியாழன்

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். குளிர். தொப்பியர் பட்டியல் வாசித்தார். எல்லா வீடும் சம்மதம், ஒன்றைத் தவிர. பதினோராம் இலக்கம். எங்கள் வீடு.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. "இல்லையே?" என்று கேட்டால் நாங்கள் "ஓம், இல்லை" என்போம். அவர்கள் "நோ" என்பார்கள். என்னுடைய "யெஸ்" அவருக்கு "ஓம், ஆட்சேபணை இருக்கு". எழுந்து இதைச் சொல்லியிருக்கலாம். பின்னாலிருந்து ஒருவன், "இந்த ஆள் ரோட்டுக் கீறுகிறவனாம்!" மண்டபமே சிரித்தது. எழுந்தேன். என் மனைவி சொல்லியிருப்பாள், அவளுக்கு இங்கிலிஷ் தெரியாது என்றேன்.

யோ. பக்கத்துக் கதிரையில். யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் இங்கிலிஷ் படிப்பித்தவள்.

எல்லோருக்கும் மனம் இளகிவிட்டது. யெஸ் சொன்னது நான்தான் என்று தெரிந்தும் தொப்பியர் அவளிடம் குனிந்து, "இட்... இஸ்... ஓகே... டியர்" என்றார். ஆனால் பதிந்தது பதிந்ததுதானாம், பட்டியலை மாற்ற ஏலாதாம். எங்கள் மறுப்பு அவருக்கு ஏதோ வசதியாகப் போயிற்று போல.

திரும்பும்போது யோ.: "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பிறகு கதைப்பம். சேறு, பாத்து நடவும்."

15 ஜூன், சனி

முன்வீட்டு மிஸிஸ் டோரத்தி யோ.வுக்குச் சின்னப்பிள்ளைகளின் படப் புத்தகம் கொண்டுவந்தாள். செவிடிக்குச் சொல்வதுபோல் கத்தினாள்: "ஆப்... பிள்!" யோ.வும் "ஆப்பிள்" என்றாள். நான் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. பிறகு திரும்பவும் சிரிப்பு வந்தது.

டோரத்தி போனதும் யோ. புத்தகத்தை என் முன்னால் வைத்தாள். "இனி நான் இங்க ஒருத்தரோடையும் இங்கிலிஷ் கதைக்கமாட்டன். நீங்கள் சொன்னது பொய்யாப் போகக் கூடாது பாருங்கோ."

ரோசம். இரண்டு நாளில் இறங்கும்.

18 ஜூன், செவ்வாய்

வெயில், அதிசயம். எங்கள் ஒழுங்கைக்கு வரவேண்டிய சல்லி லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போயின. அங்கே தொப்பியரின் மச்சான் வீடாம், டோரத்தி சொன்னாள். நாசமாய்ப் போக.

கந்தோரில் பல் வலி. குடை ரயிலில் போய்விட்டது.

யோ.வின் ரோசம் இறங்கவில்லை. கடையில் விரலால் காட்டி வாங்குகிறாள். கிளினிக்குக்கு டோரத்தி கூட்டிப்போனாள். அங்கே கார்டில் "இங்கிலிஷ் தெரியாது" என்று எழுதுவித்துவிட்டாளாம், உதவியாக.

21 ஜூன், வெள்ளி

திரும்ப மழை. முழங்கால் அளவு சேறு. பின்னேரம் யோ.: "பிள்ளை அசையிறமாதிரித் தெரியேல்லை."

நித்திரையாக்கும் என்றேன். இந்த மழைக்குள் எந்த டாக்சி வரும்? முனை வரை நடக்க ஏலுமா? போனுக்கும் டோரத்தி வீட்டுக்குத்தான் போக வேண்டும். விடியப் பார்ப்போம் என்றேன். அவள் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

22 ஜூன், சனி

விடிந்ததும் டோரத்தி வீட்டிலிருந்து அம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். முனையில் நின்றுவிட்டது. இரண்டு பேர் யோ.வைத் தாங்கிச் சேற்றுக்குள் நடத்திப் போனார்கள். நான் பெட்டியோடு பின்னால்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கார்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிள்ளை எப்போதிருந்து அசையவில்லை என்று அவளிடம் கேட்கச் சொன்னார். நான் கேட்க முன்பே யோ. தமிழில், "நேற்றுப் பின்னேரம் துவக்கம் எண்டு சொல்லுங்கோ." சொன்னேன். வயிற்றில் குழாயை வைத்து வைத்துக் கேட்டார். இங்கே, அங்கே, திரும்ப இங்கே. பிறகு குழாயை மடித்துப் பைக்குள் போட்டார். தாதி யோ.வின் கையைப் பிடித்தாள்.

ஏன் நேற்றே வரவில்லை என்று கேட்டார்.

யோ. முகட்டைப் பார்த்தபடி, "நேற்றே உங்களிட்டச் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ."

ரோட்டுச் சரியில்லை, டாக்டர், என்று இங்கிலிஷில் சொன்னேன். யோ. கேட்டுக்கொண்டு கிடந்தாள்.