பெயர் போடாத படங்கள்

நேற்றுக் காலையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு நிலைக்கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக வந்தவன் அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். பூசிக்கொண்டிருந்த தச்சன் நான் கதவைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்து, தேக்கு எந்த மலையில் வெட்டியது, என்ன வயசு என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். கதவு எனக்கு எதற்கு? அது உம்முடைய மேல்துண்டின் வாசனை. நான் குனிந்து பத்திரம் எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் அந்த வாசனை வந்தால் போதும், நிமிராமலேயே "வாரும் வே" என்பேன். பதினொரு வருஷம் உம்மை அப்படித்தான் வரவேற்றேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

உம்மிடம் சொல்லவேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. போன ஆடி அமாவாசையன்று நடந்தது. வேறு யாரிடமும் முழுசாகச் சொல்ல முடியாது, அதனால் நீர்தான் கேட்டாகவேண்டும்.

நீர் போனபோது நான் தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். உமக்குப் பேதி கண்டது ஒரு வியாழக்கிழமை, மறுநாளே முடிந்துவிட்டது. பேதியில் போனவரை வைத்திருக்க மாட்டார்களே, நாலு பேர் கூடினார்களோ இல்லையோ, ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷர், கொள்ளி வைத்தது யார் என்றுகூட எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. நான் வந்துசேர்ந்தபோது உம் அறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். தொத்திக்கொள்ளும் என்று வீட்டுக்காரர் பாய், தலையணை, துணிச்சுருள், காகிதக்கட்டு எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தியிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. பயம் யாரை விட்டது? சாம்பலைக் கிளறிப் பார்த்தேன். ஜில்லா முழுக்க முகம் வரைந்த மனுஷருக்குத் தன் முகம் ஒன்று மிச்சமில்லை. உம்மை யாரும் வரையவில்லை. போட்டோ பிடித்துக்கொள்ளவும் நீர் போனதில்லை. "நான் எதுக்கு வே அங்கன போயி நிக்கணும், என் மூஞ்சி எனக்குத் தெரியாதா" என்பீர். உமக்குத் தெரியும். எங்களுக்கு?

நாம் பார்த்த வேலையே முகத்தைத் தேடிப் போகிற வேலைதானே. உயிரோடு இருக்கிறவனைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பாதி ஊர் நம்பியது. ஆள் போன பிறகுதான், வருஷத் திவசத்துக்குள் ஒரு படம் வேண்டும் என்று உமக்குச் சொல்லி அனுப்புவார்கள். நீர் என்னையும் கூட்டிக்கொண்டு போவீர். நீர் கேட்பீர், வீட்டார் சொல்வார்கள், நான் நோட்டில் எழுதுவேன். மூக்கு நீளமா, உதடு தடிப்பா என்று நீர் தொடங்கியதே இல்லை. கோபம் வந்தால் எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார், குழம்பில் உப்புக் கூடினால் முகத்தை என்ன செய்வார், இந்தப் பேரன்மாரில் யார் சிரித்தால் அவரைப்போல இருக்கிறது என்று கேட்பீர். மற்ற அடையாளமெல்லாம் கடைசியில் போகிற போக்கில் கேட்பதோடு சரி. நிலத்துக்கு நாலெல்லை எழுதிப் பழகிய எனக்கு முதலில் அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. "மொகத்துக்கு எல்லைக்கல்லு கெடையாது வே, அளந்தா கிட்டாது" என்றீர்.

சேரன்மகாதேவிப் பிள்ளை வீடு ஞாபகம் இருக்கிறதா? அப்பாவுக்கு மீசை உண்டு என்று மூத்த மகனும் இல்லை என்று இளையவனும் உம் முன்னாலேயே அடித்துக்கொள்ளாத குறை. கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள், புருஷனை இழந்து மூன்று மாதம்கூட ஆகாத அம்மாள், பைய ஒரு வார்த்தை சொன்னாள்.

"அவுகளுக்கு எடது கண்ணு கொஞ்சம் சின்னது. அதை நேராக்கிராதிய."

நீர் எழுந்து நின்று அந்தக் கதவைப் பார்த்துக் கும்பிட்டீர். படத்தை அவர்கள் கூடத்தில் மாட்டிய அன்று அம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளியே வந்ததும், இதிலாவது ஓர் ஓரத்தில் உம் பேரைப் போடும் என்றேன். எத்தனையோ தரம் சொன்னதுதான். நீர் சிரித்தீர். "மாலை போட்டுச் சூடம் காட்டுத படம் வே இது. என் பேரை எழுதிவச்சா எனக்கும்லா சேத்துச் சூடம் காட்டுவாக? நான் இன்னும் சாகலையே." நானும் சேர்ந்து சிரித்தேன்.

நீர் போன மறு வருஷம், எப்படியாவது உம்மை ஒரு காகிதத்தில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: உம் முகம் எனக்கு மறக்க ஆரம்பித்திருந்தது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுக்கிற தேவசகாயம் வாத்தியார் வரைந்து தருகிறேன் என்றார். உமக்குப் படத்துணி நெய்துகொடுத்த மேலப்பாளையம் மீரானையும் கூட்டிவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாத்தியார் ஆராதனை முடிந்து வந்ததும், மூன்று பேரும் அவர் வீட்டில் உட்கார்ந்தோம். உம் பாணியில்தான் கேட்கவேண்டும் என்று சட்டம் போட்டதும் நான்தான்.

வாத்தியார் உமக்கு அகன்ற முகம் என்றார். மீரான் ஒடுங்கிய முகம் என்றார். பிறகு அதுவும் நிச்சயமில்லை என்று கையை விரித்துவிட்டார். "அவுக என் மொகத்தப் பாக்கல, நான் அவுக மொகத்தப் பாக்கல. ரெண்டு பேரும் துணியத்தான பாத்தோம்" என்றார். அப்புறம் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். கூடவே நடந்தவன் நான் அல்லவா. வாத்தியார் பென்சிலைச் சீவிக்கொண்டே, உமக்குக் கோபம் வந்தால் எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வீர் என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. ஆற்றங்கரைச் சாலையில் எப்போதும் நீர் எனக்கு வலப்பக்கம். வண்டியில் போனாலும் பக்கத்தில்தான். வீடுகளில் நீர் அவர்களைப் பார்ப்பீர், நான் நோட்டைப் பார்ப்பேன். உம் நடை தெரியும், இருமல் தெரியும், எந்தச் சேதியைக் கேட்டால் எவ்வளவு தூரம் பேசாமல் வருவீர் என்பது தெரியும். எதிரே உட்கார்ந்து உம் முகத்தை நிதானமாக ஒரு நாளாவது பார்த்தேனா? வாத்தியார் மூன்று படம் போட்டார். மூன்றாவது எங்கள் பழைய தாசில்தார் சாயலில் இருந்தது. நான் அந்த நல்ல மனுஷர்மேல் வள்ளென்று விழுந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். திரும்பும்போது ஆற்றுப்பாலத்தில் அழுதேன். ஐம்பது வயசுக்காரன் அழுதுகொண்டு போவதை வண்டிக்காரர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று போனேன்.

முகம்தான் இல்லை, கைவேலையாவது எங்கெங்கே இருக்கிறது என்று எழுதி வைப்போம் என்று பழைய நோட்டுகளை எடுத்தேன். எந்த ஊர், எந்த வீடு, யார் படம் என்பதெல்லாம் அதில் இருந்தது. லீவு கிடைத்த நாளெல்லாம் அம்பாசமுத்திரம், களக்காடு, கல்லிடைக்குறிச்சி என்று அலைந்தேன். போன இடமெல்லாம் ஒரே கதை. நீர் கண்ணாடி போட்டுக் கொடுத்த படங்களை அவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டியிருந்தார்கள். கண்ணாடி இருந்தால் சந்தனம் கண்ணாடிக்குத்தானே போகும், அப்பாவுக்குப் போகாதே! வெள்ளிக்கு வெள்ளி நெற்றியில் சந்தனமும் குங்குமமும். அடுத்த வெள்ளி ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் புதுச் சந்தனம். பக்தியாகத் துடைத்துத் துடைத்தே முகத்தைக் கரைத்துவிட்டார்கள். களக்காட்டில் ஒரு பெரியவருக்கு மீசை மட்டும் பாக்கி. அது அவர்களுக்குக் குறையாகவே தெரியவில்லை, அவர்கள் கண்ணுக்கு அப்பா அங்கேயே இருக்கிறார். வரைந்தது யார் என்று கேட்டால் யாரோ திருநெல்வேலி ஆள் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு செட்டியார் படத்தின் முன் நின்றேன். நெற்றியும் கன்னமும் போய்விட்டன. சந்தனம் எட்டாத ஓரத்தில் காது மட்டும் நேற்று வரைந்ததுபோல இருந்தது. மேல் மடிப்பில் மிளகளவு ஒரு சின்ன முடிச்சு. அது செட்டியாரின் காது இல்லை. அத்தனை வருஷம் சாலையில் என் பக்கத்தில் வந்த காது.

வீட்டுக்கு வந்து நோட்டுகளைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது: காது, சொல்லத் தெரியவில்லை. அடுத்த வீட்டில்: காது, ஞாபகமில்லை. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. பெற்ற பிள்ளைக்குக்கூட அப்பன் காது நினைவிருப்பதில்லை. அப்படியானால் எதைப் பார்த்து வரைந்தீர் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. உம் பெட்டியில் ஒரு கைக்கண்ணாடி கிடக்கும், இந்த வயசில் என்ன அலங்காரம் வேண்டியிருக்கிறது என்று கேலி செய்திருக்கிறேன். நீர் மறுமொழி சொன்னதில்லை. இப்போது சொல்லும் வே.

போன வீடுகளுக்கே மறுபடி போனேன். எல்லாவற்றிலும் உம் காது இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான் நின்றது. யாரிடம் சொல்ல? சொன்னால் உம் பேர் நிலைக்கும். ஆனால் அந்த வீட்டார் இத்தனை வருஷம் சூடம் காட்டியது கொஞ்சம் வேறு ஆளுக்கும் என்று ஆகிவிடும். கதவுக்குப் பின்னாலிருந்து பேசிய அம்மாளிடம் போய் அதைச் சொல்ல எனக்கு நெஞ்சு இல்லை. வாத்தியாரிடமும் மீரானிடமும்கூடச் சொல்லவில்லை. உம்மைக் கண்டுபிடித்த பிறகுதான் நான் முன்னைவிடத் தனியாகிப்போனேன்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் சேரன்மகாதேவிக்குப் போனேன். அம்மாள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மூத்த மருமகள்தான் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். அந்தச் சின்னக் கண் இருந்த இடத்தில் வெறும் துணிதான் தெரிந்தது. ஓரத்தில் காது அப்படியே. படம் தேய்ந்துவிட்டதால் மறுநாள் ஆற்றில் விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். கும்பிட்ட படத்தைக் குப்பையில் போடக்கூடாது, ஆற்றில்தான் விடவேண்டும், அது நியாயம்தான். எனக்குத் தந்துவிட முடியுமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பெற்றவர் படத்தை வேற்று வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று அவள் தன்மையாகத்தான் மறுத்தாள். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவுக ஒங்களுக்கு ரொம்ப வேண்டியவுகளோ?" என்றாள்.

ரொம்ப வேண்டியவர் என்றேன். யாரைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. "அப்பம் நாளைக்கு நீங்களும் வாங்க. ஒரு பக்கம் நீங்க பிடிங்க" என்றாள்.

படித்துறையில் கூட்டம். ஆற்றில் புதுத்தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. மூத்த மகன் ஒரு பக்கம் பிடித்தார், காது இருந்த பக்கம் நான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். அவர் கையை எடுத்துவிட்டார். எனக்கு எடுக்க வரவில்லை. "விட்டுருங்க அண்ணாச்சி" என்றார். விட்டேன். படம் ஒரு சுற்றுச் சுற்றி, கரையோர நாணலை உரசிக்கொண்டு போயிற்று. உம்மைக் கொண்டுபோன அன்று நான் இல்லாமல் போனதற்கு அன்றுதான் அழுது தீர்த்தேன்.

ஈரவேட்டியோடு தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தோம். அவரும் நானும் அடுத்தடுத்து. அப்பா, தாத்தா பேரெல்லாம் ஆன பிறகு, சிநேகிதர், நாதியில்லாமல் போனவர் என்று யாராவது உண்டா என்று ஐயர் கேட்டார். நான் உம் பேரைச் சொன்னேன். ஊரார் காதில் விழும்படி உரக்கவே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பி, அது யாரு என்று கேட்டார்.

"ஒங்க அப்பா படத்தை வரைஞ்சவரு."

அவர் உம் பேரைத் தாமும் ஒரு தரம் மெல்லச் சொல்லிவிட்டு, கையில் எள்ளை எடுத்துக்கொண்டு ஐயர் முன் நீட்டினார். உமக்குத் தண்ணீர் இறைத்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். காதைப் பற்றி அவரிடம் நான் மூச்சுவிடவில்லை; உம் முகத்தில் எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.