மூன்றாம் வாசகர்

2015 ஜனவரி 14
படநிதி அலுவலகத்திலிருந்து ஆறு திரைக்கதைகள் வந்தன. எழுதியவர் பெயர் இருக்காது. படித்து, மதிப்பெண்ணும் அறிக்கையும் தர வேண்டும். என் பெயரும் வெளியே தெரியக் கூடாது. நான் 'மூன்றாம் வாசகர்'. பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு.

ஜனவரி 16
நான்காவது கதை த்ரீனுவுடையது. சத்தியமாக அவளுடையதுதான். கடலோரத்தில் புகைமீன் கடை, காது கேளாத அக்கா — திரைப்படப் பள்ளியில் நாங்கள் ஒரே அறையில் இருந்தபோது சொன்ன கதை. அவள் இரண்டு படம் எடுத்துவிட்டாள். என் திரைக்கதை மூன்று முறை திரும்பி வந்து அலமாரியில் கிடக்கிறது.

அறிக்கைப் படிவத்தில் 'எழுதியவரை எனக்குத் தெரியாது' என்று ஒரு கட்டம். தாலின் நகர சினிமாவில் யாருக்கு யாரைத் தெரியாது? தெரியும் என்று சொன்னால் கதை வேறொருவர் கைக்குப் போய்விடும். விடுவேனா? டிக் போட்டேன்.

ஜனவரி 19
மற்றவர்களுக்கு ஒன்றரைப் பக்க அறிக்கை. இவளுக்கு ஒன்பது! வயிற்றெரிச்சலுக்கு இவ்வளவு உழைப்பா? அக்கா எதற்கெடுத்தாலும் ஏன் அழுகிறாள்? கடைசியில் அந்தக் கல்யாணம் எதற்கு? கதையே நாற்பத்தோராம் பக்கத்தில்தானே தொடங்குகிறது? ஒரு ஓட்டையையும் விடவில்லை. பத்துக்கு மூன்று.

மார்ச் 3
த்ரீனுவின் கதையைத் தள்ளிவிட்டார்கள். காபி இன்று இனித்தது.

மார்ச் 8
மகளிர் தினம் என்று டூலிப் பூவோடு த்ரீனு வந்தாள். கறுப்பு ரொட்டியும் மீனும் வைத்தேன்.

"என் கதையைத் தள்ளிட்டாங்க, ஹெல்வி."

"அடப்பாவமே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அது கெடக்கு. மூணாவது வாசகர்னு ஒருத்தர், ஒன்பது பக்கம் எழுதியிருக்கார்டி! என் புருஷன்கூட என்னை இவ்வளவு கவனிச்சதில்ல."

"திட்டித்தானே?"

"தோலை உரிச்சுட்டான் படுபாவி. ஆனா ஒவ்வொரு வரியும் நெசம். முழுசா திருப்பி எழுதப் போறேன்."

என் பங்கு மீனையும் அவள் தட்டில் வைத்தேன்.

செப்டம்பர் 22
திருத்திய கதைக்கு நிதி கிடைத்துவிட்டது. இம்முறை அது என்னிடம் வரவில்லை. ஃபின்லாந்தும் லாட்வியாவும் தயாரிப்பில் பங்கு சேர்கின்றனவாம். நாசமாய்ப் போக — அவளில்லை, என் ஒன்பது பக்கம்.

2017 நவம்பர் 24
திரைப்பட விழாவில் த்ரீனுவின் படம். கல்யாணம் இல்லை. அக்கா ஒரே ஒரு இடத்தில் அழுகிறாள், அரங்கமே அழுதது. நானும் அழுதேன், பொறாமையில். பெயர்கள் ஓடி முடியும் இடத்தில் ஒரு வரி: 'மூன்றாம் வாசகருக்கு நன்றி, அவர் யாராக இருந்தாலும்.'

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத்தான் ஊர்ல எல்லாரையும் தெரியுமே. யாருடி அந்த மனுஷன்? ஒரு வேளை சோறாவது போடணும் அவருக்கு."

நான்தான்டி, நான்தான் — வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்த டிக்கும் வெளியே வரும். பிழைப்பு போகும், இவளும் போவாள்.

"தெரியாது" என்றேன்.

நவம்பர் 26
அலமாரியிலிருந்து என் திரைக்கதையை எடுத்தேன். த்ரீனு எழுதியது என்று நினைத்துக்கொண்டு படிக்கிறேன். பாதிதான் படித்திருக்கிறேன், அதற்குள் ஏழு பக்கம் குறை எழுதிவிட்டேன்.