கால் நொடித் தாமதம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று வேலைக்குத் திரும்பினேன். அவள், என் மனைவி, போய் நாற்பத்தொரு நாள். ஆய்வகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் நாற்காலியை மட்டும் துடைத்து வைத்திருந்தார்கள். தலைமை விஞ்ஞானியை நாங்கள் முதுகுக்குப் பின்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் என்போம். அவர் வந்து நின்று, "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன்.

"பொய். போய் சாப்டுட்டு வா. மூளை எங்கயும் ஓடிடாது."

எங்கள் வேலை, நினைவிழந்து கிடப்பவருக்குள் 'நான்' என்று ஒன்று விழித்திருக்கிறதா என்று தேடுவது. தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம். வேண்டியவர் குரலில் சில தடவை, அந்நியர் குரலில் சில தடவை. வேண்டியவர் குரலுக்கு மூளை வேறு மாதிரி அசைகிறதா? அதைக் கணக்கிடும் நிரல் நான் எழுதியது.

ஜனவரியில், விபத்து நடந்த பதினோராம் நாள், அவளுக்கும் நான்தான் சோதனை செய்தேன். வேறு ஆள் செய்யட்டும் என்றார்கள். நான் விடவில்லை. 'பதில் இல்லை' என்று வந்தது. அதை நம்பித்தான் சுவாசக் கருவியை எடுக்கக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 4, புதன்

அத்தை — அவளுடைய அம்மா — இன்னும் என்னோடுதான் இருக்கிறார். இருவரும் டிவி பார்த்தோம். என்ன ஓடியது என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது.

மார்ச் 6, வெள்ளி

வார்டில் ஒரு தையல்காரர். மனைவி மூன்று மாதமாகக் கண் திறக்கவில்லை. ஜனவரியில் எங்கள் சோதனையில் அந்த அம்மாவுக்கும் 'பதில் இல்லை'. குழாய்களை எடுத்துவிடலாமா என்று கேட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் போனபோது மனைவியின் காதருகே குனிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பட்டன் டப்பாவ எங்க வச்சித் தொலைச்ச? சொல்லிட்டுப் படுக்கக் கூடாதா?"

என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டார். "திட்டினா பதிலுக்குப் பதில் பேசாம இருக்க மாட்டா தம்பி. அதான் முயற்சி பண்றேன்."

மார்ச் 9, திங்கள்

கருவிகளுக்கு வருடாந்திரச் சரிபார்ப்பு. கணினி 'இப்போது கூப்பிட்டேன்' என்று போடும் குறியையும், ஹெட்போனில் வரும் ஒலியையும் ஒரே திரையில் போட்டேன். இரண்டும் ஒட்டவில்லை.

டிசம்பரில் வார்டு நர்ஸக்கா கத்தினார்: "உன் ஒயரு என் டியூபெல்லாம் சுத்திக்குது. இந்த ரூம்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." அதனால் நானே போய் ஒயர் இல்லாத ஹெட்போன் வாங்கி வந்தேன். அதில் ஒலி கால் நொடி பிந்திப் போகிறது. மூளை பதில் சொல்வதே அரை நொடிக்குள். நிரலோ கூப்பிட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கதவைச் சாத்தியிருக்கிறது.

மூன்று தடவை அளந்தேன். கால் நொடி. கால் நொடி. கால் நொடி.

டிசம்பரிலிருந்து ஏழு பேர். தையல்காரர் மனைவி ஒருவர். அவள் ஒருத்தி.

மார்ச் 10, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னா எல்லாத்தையும் மறுபடி தொறக்கணும். அவளோடதையும். அதுல பதில் இருந்தா? இருந்துச்சுன்னா நான் என்ன பண்ணிட்டேன் — என்ன பண்ணிட்டேன் நான்?

தையல்காரர் கையெழுத்துப் போட இன்னும் மூன்று நாள்.

மார்ச் 11, புதன்

சொல்லிவிட்டேன்.

"ஹெட்போன் மாத்தினா மறுபடி அளக்கணும்னு முதல் வருஷப் பசங்களுக்கே தெரியும். நீ எப்படிடா விட்ட?" என்று ஆரம்பித்த ஹெட்மிஸ்ட்ரஸ், பட்டியலில் நான்காவதாக இருந்த அவளுடைய எண்ணைப் பார்த்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முந்தாநாள்லேர்ந்து."

அதற்கு மேல் திட்டவில்லை.

மார்ச் 12, வியாழன்

பழைய ஒயர் ஹெட்போனை மாட்டித் தையல்காரர் மனைவிக்கு மறுசோதனை. அவர் குரலுக்கு மூளை பதில் சொல்கிறது. இரண்டாம் தடவையும் சொன்னது. டாக்டர்கள் நாளைய கையெழுத்தை நிறுத்திவிட்டார்கள்.

தவறு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். முதலில் பயந்துபோய், "அப்ப நான் திட்டினதெல்லாம் கேட்டிருக்குமோ?" என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்க மேல எனக்குக் கோவம் வரணும் தம்பி. இப்ப வரல. வந்தா வந்து சொல்றேன்."

மார்ச் 16, திங்கள்

அவளுடையது.

"நான் பாத்துக்கறேன், நீ வெளிய இரு" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். நான் நகரவில்லை. பதிவைக் கால் நொடி தள்ளி வைத்து ஓட்டினேன். சமமாகக் கிடந்த கோட்டில் ஒரு மேடு எழுந்தது. என் குரலுக்கு மட்டும்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"உன் குரல அவ மூளை அடையாளம் கண்டிருக்கு. அவ்வளவுதான் சொல்லலாம். தூங்கறவங்களுக்குக்கூட இது வரும். கேட்டது மூளையா, அவளா... இருபத்தஞ்சு வருஷமா அதத்தான் தேடறேன். தெரியலடா."

ஸ்கேனைப் பார்த்த டாக்டர்களும் அன்று நம்பிக்கை இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் நான் ஸ்கேனைப் பார்த்துக் கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"நீதான கையெழுத்துப் போட்ட?"

"ஆமா அத்தை."

மடித்த புடவையை உதறி, மறுபடி முதலிலிருந்து மடித்தார்.

மார்ச் 19, வியாழன்

அத்தை காலையில் எனக்கும் காபி வைத்திருந்தார்.

மார்ச் 22, ஞாயிறு

அத்தை செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "அத எனக்குக் காட்டு."

விடுமுறை என்பதால் ஆய்வகத்தில் யாரும் இல்லை. திரையைப் போட்டேன். அத்தை அந்த மேட்டின் மேல் விரலை வைத்தார்.

"இதா?"

"இதுதான்."

"இத்துனூண்டு."

"எல்லாருக்கும் அவ்வளவுதான் வரும் அத்தை."

"அப்ப நீ என்ன சொன்ன?"

"பேரு மட்டும். வேற எதுவும் பேசக் கூடாது."

"எங்க, சொல்லு."

அவள் போனதிலிருந்து அந்தப் பெயரை நாங்கள் இருவருமே வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னேன். குரல் பிசிறிவிட்டது.

"இப்படியா கூப்பிட்ட?"

"இல்ல. நல்லா கூப்பிட்டேன்."

"அப்ப நல்லா கூப்பிடு."

கூப்பிட்டேன். அத்தை திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை.