தஹாம் வீட்டில் நான் குடித்த கஹ்வா

அன்பு மகன் மிஷாரிக்கு, ஹாயிலிலிருந்து வாப்பா எழுதுவது. உன்மீது ஸலாம் உண்டாகட்டும், அந்த மெல்போர்ன் குளிரில் நீ நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். இங்கே உம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, கிழட்டு ஒட்டகம் குட்டி போட்டிருக்கிறது, பேரீச்சை இந்த வருடம் சுமார்தான். என் நலத்தை மட்டும் கேட்காதே.

ரமலானுக்கு முன்னால், தஹாமின் மகள் வதஹாவை உனக்குப் பெண் கேட்கட்டுமா என்று உம்மா போனில் கேட்டாள், நீ சரியென்றாய். அதை நம்பித்தான் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏலக்காயும் குங்குமப்பூவும் மணக்க மணக்க தஹாமே கஹ்வா காப்பியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். வாங்கி, வாய் வைக்காமல் தரையில் வைத்தேன், பெண் கேட்டுப் போனவன் வேறென்ன செய்வான். ஏன், எங்க வீட்டுக் கஹ்வா கசக்குதா என்று கேலி செய்தார். கேட்டது கெடச்சாத்தான் தொண்டையில எறங்கும் என்றேன். உள்ளே போய் மகளைக் கேட்டு வந்து, குடிங்க, பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு என்றார். குடித்தேன். அதற்குமேல் அது வெறும் கஹ்வா இல்லை, என் வாக்கு.

போன வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வெளியே வந்தால், அங்கிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் உன் சிநேகிதன் சத்தாம் என்னைக் கட்டிப்பிடித்து, மிஷாரிக்குக் கல்யாணம் முடிஞ்சு வருஷமாச்சே, மருமகள எப்ப வரச்சொல்லப் போறீங்க என்கிறான். அப்படியானால் நான் அந்தக் கிண்ணத்தைத் தரையில் வைத்தபோதே நீ கல்யாணமானவன்! நெஞ்சு வெந்துபோனது மிஷாரி.

அடுத்தவர் சொல்லித் தெரியக்கூடாதென்று நானே தஹாமிடம் போய்ச் சொன்னேன். அவர் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய மூத்த மகன் கஹ்வா எடுத்து வந்து, விளிம்பு தளும்ப நிறைய ஊற்றி என் கையில் கொடுத்தான். குடித்துவிட்டு எழுந்து போ என்று இதைவிட எப்படிச் சொல்வது. வாய் வெந்தாலும் முழுதும் குடித்துவிட்டு வந்தேன். உள்ளே வதஹா அழுகிற சத்தம் கேட்டது, அவள் என்ன பாவம் செய்தாள்?

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை. அப்போதே புரிந்துவிட்டது. வதஹாவக் கட்டிவச்சா இங்கேயே வந்துருவான்னு நெனச்சேன் என்கிறாள். நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய், அவள் வாயை மூடியிருக்கிறாள், ஊருக்கு முன்னால் உட்கார்ந்து குடிக்க மட்டும் நான் தேவைப்பட்டேன் உங்கள் இருவருக்கும். பெற்றவனுக்கு இவ்வளவுதானா மரியாதை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் தஹாமுக்குப் போன் செய், வாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று உன் வாயால் சொல், மறக்காதே. காது மூடாமல் குளிரில் சுற்றாதே. உன்னையும் உன் மனைவியையும் அல்லாஹ் நன்றாக வைக்கட்டும். நேற்று துஆவுக்குக் கை ஏந்தினேன், உன் பெயரைச் சொன்னேன், அவள் பெயர் எனக்குத் தெரியவில்லை. எழுது.

உன் வாப்பா,
ஷலாஹ்